தலைவாசலில் முதல் கால்

ஊற்றுமேட்டு அரண்மனையை அருங்காட்சியகமாக மாற்ற வந்த காப்பாளர் மரகதவல்லி, வௌவாலை விரட்டிவிட்டாள், கரையானையும் ஒழித்துவிட்டாள். அவளால் அசைக்க முடியாதவர்கள் பெரிய துரையும் சின்ன துரையும்தான். ஜமீன் போய் எத்தனையோ காலமாகியும் மீசையில் மட்டும் அதை விடாமல் வைத்திருந்த ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள். கட்டடம் பெரியவருடையது. உள்ளே வைக்க வேண்டிய பல்லக்கு, வாள், படங்கள் எல்லாம் சின்னவர் வசம். எவர் முறுக்கிக்கொண்டாலும் அருங்காட்சியகம் அம்போ.

சம்மதம் கேட்கப் போனபோது பெரிய துரை ஒரே நிபந்தனை போட்டார். "தலைவாசல் வழியா எனக்கு முந்தி ஒருத்தரும் உள்ள போகப்படாது. அங்க முதல் கால் வைக்கிறவன்தான் அரண்மனைக்குத் தலைவன். அது எங்க வழக்கம்."

"உங்களுக்கு முந்தி யாரும் போக மாட்டாங்கய்யா" என்றாள் மரகதவல்லி. காரியம் ஆகவேண்டுமே! சின்ன துரையும் அதே நிபந்தனையைப் போட, அவருக்கும் அதே வாக்கைக் கொடுத்துத் தொலைத்தாள்.

திறப்பு விழா நெருங்க நெருங்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "ரெண்டு பேரும் சேர்ந்தே கால் வைங்களேன்" என்று கெஞ்சிப் பார்த்தாள்.

"அவனும் நானும் சமமா?" என்றார் பெரியவர். "அவரும் நானும் ஒண்ணா?" என்றார் சின்னவர். இதில் மட்டும் அப்படியொரு ஒற்றுமை.

தலையைப் பிய்த்துக்கொண்டு அரண்மனையைச் சுற்றி வந்தாள். முன்னால் தேர் நுழையும் அகலத்துக்குத் தலைவாசல். பின்கட்டில் விறகு வண்டி வந்துபோன அடுக்களை வாசல்; அந்தப் பக்கம் துரைமார் தலைவைத்தும் படுத்ததில்லை. பார்த்துக்கொண்டே நின்றவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

விழா நாளில் இரண்டு துரைகளும் ஜரிகைத் தலைப்பாகையோடு வந்தார்கள். ஊரே திரண்டு உள்ளே போய்ப் பார்த்தது. துரைகளும் போனார்கள். சண்டையும் இல்லை, கொடுத்த வாக்கும் தவறவில்லை.

கெட்டிக்காரர்களே, சொல்லுங்கள்: ஒரே வாசலுக்கு இரண்டு பேரிடம் கொடுத்த வாக்கை மரகதவல்லி எப்படிக் காப்பாற்றினாள்?

விடை: தலைவாசலை வெளியே வரும் வழியாக மாற்றிவிட்டாள். அதன் வழியே இனி யாருமே உள்ளே போவதில்லை என்றால், துரைகளுக்கு முந்தி மட்டும் யார் போவது? கூட்டம் அடுக்களை வாசலில் நுழைந்தது. அங்கே முதல் கால் வைக்க எந்தத் துரையும் போட்டிக்கு வரவில்லை. எல்லாம் பார்த்து முடித்துத் தலைவாசலுக்கு வந்தபோதுதான் வினை. "அண்ணன் முன்னால போங்க" என்றார் சின்ன துரை. "இல்ல தம்பி, நீ போ" என்றார் பெரியவர். அரண்மனையை விட்டு முதலில் வெளியேற இருவருக்குமே மனசு வரவில்லை. பூட்டும் நேரம் தாண்டியும், மரகதவல்லி சாவியும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள்.