முதுகில் ஏறிய கரிச்சான்

மூங்கில் காட்டை ஒட்டிய புல்வெளியில் ஒரு புள்ளிமான் மேய்ந்துகொண்டிருந்தது. ஈத்தொல்லை தாங்காமல் காதை அடித்துக்கொண்டே இருந்தது. அப்போது ஒரு கரிச்சான் குருவி பறந்து வந்து அதன் முதுகில் உட்கார்ந்தது.

"அக்கா, நான் இங்கேயே இருந்துக்கறேன். ஈயெல்லாம் பிடிக்கறேன். எங்க நல்ல புல் இருக்கு, எங்க தண்ணி இருக்குன்னு வழியும் சொல்றேன். எனக்கு நீங்க ஒண்ணும் குடுக்க வேணாம்."

"சும்மாவா?"

"சும்மாதான். கொஞ்சம் நிபந்தனை மட்டும் இருக்கு. சொல்றேன், கேட்டுக்குங்க."

கரிச்சான் மூச்சு விடாமல் நிபந்தனைகளை ஒப்பிக்கத் தொடங்கியது. மான் பாதிகூடக் கேட்கவில்லை. "சரி சரி, எல்லாத்துக்கும் சரி. முதல்ல அந்தக் காதுக்குப் பின்னாடி இருக்கற ஈயைப் பிடி" என்றது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இது நாலு காலையும் விட்டது.

சில நாட்கள் சுகமாகப் போயின. ஒரு நாள் மான் நெல்லி மரத்தை ஒரு கணம் அண்ணாந்து பார்த்தது. உடனே ஒரு குரங்கு தாவி வந்தது.

"நெல்லிக்காய் வேணுமாமே அக்கா? உதிர்த்து விடறேன். புலி வருதான்னு மரத்தடியில நின்னு காவல் மட்டும் பாருங்க."

மான் காவல் நின்றது, தின்றது. அதோடு விட்டதா குரங்கு? எந்தப் பக்கம் திரும்பினாலும் நெல்லிக்காய், நெல்லிக்காய் என்று ஒரே கூவல். "தின்னாச்சுப்பா, போதும்" என்றாலும் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் காலில் முள் குத்தியது. அதை எடுப்பதற்குள் இன்னொரு குரங்கு பச்சிலையோடு வந்து நின்றது.

'சே! தனியா ஒரு முள்ளுகூடக் குத்திக்க முடியலையே' என்று மானுக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் குரங்குகளுக்குச் சேதி சொல்லும் கரிச்சானை இறக்கிவிடவில்லை. ஈ கடிக்கவில்லை அல்லவா?

மழைக்காலம் முடிந்ததும் மான் ஒரு மறியை ஈன்றது. மறியைக் கோரைக்குள் படுக்கவைத்துவிட்டு, தாய் தள்ளிப் போய் மேய்வதுதான் மான்களின் வழக்கம். பால் கொடுக்க மட்டும் வரும், உடனே விலகிவிடும். பக்கத்திலேயே நின்றால் பகைக்கு இடம் தெரிந்துவிடுமே! இந்த மான் தன் மந்தையிடம்கூட இடத்தைச் சொல்லவில்லை. அவ்வளவு எச்சரிக்கையான தாய், கரிச்சானை மட்டும் முதுகில் ஏற்றிக்கொண்டே மறியிடம் போய் வந்தது. இந்த அறிவை என்னவென்று சொல்வது?

ஒரு காலை அது பால் கொடுத்துவிட்டு ஆற்றுக்கு வந்தது. குரங்கு மரத்திலிருந்து எட்டிப் பார்த்தது.

"குட்டி போட்ட உடம்புக்கு அத்திப்பழம் நல்லதுக்கா. உதிர்த்து விடட்டுமா?"

மான் சட்டென்று முதுகைத் திரும்பிப் பார்த்தது. கரிச்சானிடம், "நீ சொன்னியா?" என்று கேட்டது.

"குட்டியைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொல்லலக்கா. நீங்க எங்க நிக்கறீங்க, எவ்வளவு நேரம் நிக்கறீங்க, அதுதான் சொல்வேன். மேயாம கோரைக்குள்ள நின்னா என்ன அர்த்தம்னு அவங்களாவே தெரிஞ்சுக்கிட்டாங்க. நீங்கதானே எல்லாத்துக்கும் சரின்னீங்க?"

"யார் யார்கிட்ட சொன்னே?"

"எனக்கு யாரு பூச்சி கிளப்பி விடறாங்களோ அவங்ககிட்ட."

"நரிகிட்டயுமா?"

"அவர் புதர்ல புகுந்தா வெட்டுக்கிளி நிறைய கிளம்பும்க்கா. காலையில பால் குடுத்துட்டு எப்போ ஆத்துக்குப் போவீங்கன்னு மட்டும்தான் கேட்டாரு."

மான் தண்ணீரில் வாய் வைக்காமல் ஓடியது. கோரைக்குள் நரி முகர்ந்து முகர்ந்து தேடிக்கொண்டிருந்தது. நாலடி தள்ளி மறி மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தது. மான் பாய்ந்து முன்காலால் நரியின் விலாவில் உதைத்தது. நரி விலகி நின்று பல்லைக் காட்டியது.

"ஏன் கோபப்படறே? நாளைக்கும் நீ தண்ணி குடிக்கப் போய்த்தானே ஆகணும்? எப்போ போவேன்னு எனக்குத் தெரியும்."

நரி போனதும் மான் ஈச்சம்புதரில் முதுகைத் தேய்த்துக் கரிச்சானை விரட்டியது. தள்ளாடும் மறியை நடத்திப் போய் மலைப் பாறை இடுக்கில் ஒளித்துவைத்தது. பிறகு மந்தையை எச்சரிக்க ஓடியது. அங்கே ஒவ்வொரு மானின் முதுகிலும் ஒரு கரிச்சான் இருந்தது.

"முதல்ல அதை இறக்கி விடுங்க. நம்ம போற இடமெல்லாம் நரிக்குப் போகுது."

மந்தை சாவகாசமாக அசைபோட்டது. "நாங்க புல் திங்கறோம், தண்ணி குடிக்கறோம். எங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு?" என்று கேட்டது ஒரு மான். அதற்கு நிறைமாத வயிறு. தாய் மானுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. எத்தனை சொல்லியும் ஒன்றுகூட முதுகை உதறவில்லை.

அது திரும்பி நடந்தபோது ஒரு கரிச்சான் தேனாகக் கேட்டது: "அக்கா, இப்ப எந்தப் பக்கம் போறீங்க?"

மான் பாறைக்கு நேர் எதிர்ப்பக்கமாகவே நடந்தது. பாறை இடுக்கில் பாலுக்காக ஒரு வாய் காத்திருந்தது. ஆனாலும் காட்டைச் சுற்றி வளைத்துத்தான் அது போக வேண்டியிருந்தது.

சும்மா கிடைக்கிறதே என்று நம் தடத்தை அடுத்தவரிடம் கொடுத்தால், அதற்கு விலை கொடுப்பவர்கள் நம்மை நம்பி இருப்பவர்களே.