திட்டு வாங்க உண்டான பதவி

மாங்குள நாட்டில் முன்பு தலைமை மந்திரி என்று ஒருவர் கிடையாது. ஏரி உடைந்து ஜனங்கள் அரண்மனை வாசலில் நின்று திட்டியபோது, ராஜா வாயிற்காவலன் சடையாண்டியைக் கூப்பிட்டார்.

“இனிமேல் புகழ் எனக்கு, திட்டு உனக்கு. என்மேல் ஒரு வசவு விழுந்தாலும் உன் தலை போகும்.”

“ஆகட்டும், மகாராஜா. ஆனால் உத்தரவு போடுகிறவரைத்தானே ஜனங்கள் திட்டுவார்கள்? முத்திரை மோதிரத்தை என்னிடம் கொடுத்துவிடுங்கள்.”

ராஜா சந்தோஷமாகக் கழற்றிக் கொடுத்தார். சடையாண்டி உடனே அரண்மனைக் களஞ்சியத்தை ஜனங்களுக்குத் திறந்துவிட்டான்.

“அடப்பாவி, மூடு!” என்று ராஜா அலறினார்.

“மூடுகிறேன், மகாராஜா. மூடச் சொன்னது யார் என்று கேட்பார்களே?”

ராஜா திரும்பி உள்ளே போய்விட்டார். சடையாண்டி தலைமை மந்திரியானான்.

மறுவருஷம் அவன் கட்டிய மதகு உடைந்தபோது, “தப்பு என்னுடையது” என்று வாசலில் வந்து நின்றான். அந்த நாற்காலியில் அப்படியும் ஒருவர் இருந்தார் என்று நினைத்தாலே இன்று ஏக்கமாக இருக்கிறது.