அரிசி வந்த நேரம்

தெற்கே ஒரு கருவேலங்காட்டில் எண்ணெய்க் கிணறு தோண்டிக்கொண்டிருந்தார்கள். மேலே வருகிற பாறைத்தூளைப் பார்த்துக் கீழே என்ன இருக்கிறது என்று சொல்வது ஜெபக்கனியின் வேலை. வயது முப்பத்தாறு. அவரிடம் தொழில் பழக வந்த வீரபாகுவுக்கோ நாற்பத்தெட்டு. இருபது வருஷம் தலைமை அலுவலகத்தில் வரைபடமும் அறிக்கையும் பார்த்தவர். கிணறு தோண்டும் ரிக்கில் கால் வைத்தது இந்த மாதம்தான்.

இந்தக் கிணற்றை இங்கே தோண்டலாம் என்று வரைபடத்தில் புள்ளி வைத்தவரும் அவரே. அவர் வைத்த முதல் புள்ளி. இரண்டாயிரத்து நூறு மீட்டரில் மணற்பாறை வரும், அதில் எண்ணெய் இருக்கும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

அன்றைக்குக் காலை எட்டு மணிக்குத் தலைமை அலுவலகம் போனில் வரும். இருக்கிறதா, இல்லையா? ஒரே சொல்தான். இல்லை என்றால் ரிக்கைக் கழற்றி லாரியில் ஏற்றிவிடுவார்கள்.

ஏழு இருபதுக்குச் சல்லடையில் விழுந்த தூளை அள்ளிக் கழுவினார் வீரபாகு. சாம்பல் நிறக் களிமண். கொஞ்சம் கடித்துப் பார்த்தார். மணல் இருந்தால் பல்லில் நறநற என்னும். இது வெண்ணெயாய் வழுக்கியது.

"ஆழம் தாண்டிப் போச்சு மேடம்."

ரிக் ஓட்டும் நைனா முகமது மேலேயிருந்து கத்தினார். "ஆறேகாலுக்கு டிரில்லு அல்வாவில கத்தி இறங்குன மாதிரி இறங்குச்சே சார்! அது என்ன பின்னே?"

"களியும் அல்வா மாதிரிதான்யா இருக்கும். வெட்டின தூள் சேத்தோட மேல வர ஒரு மணி நேரம். கம்ப்யூட்டர் கணக்கு. ஏழேகாலுக்கு வந்திருக்கணும். வந்தது களிதான்."

"அப்ப மூட்டை கட்டிருவோமா? எங்க வீட்டுல சந்தோஷப்படுவா."

வீரபாகு சிரிக்கவில்லை. பாவம், முகம் சுண்டிப்போயிருந்தது. "மேடம், தோத்துட்டோம்னு எப்போ ஒத்துக்கணும்?"

ஜெபக்கனி ஒரு பக்கெட்டைச் சல்லடைக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டார்.

"உட்காருங்க சார். அரிசி வந்தா சொல்லுங்க."

"அரிசியா?"

"ஆறு மணிக்கு, சேறு கீழ இறங்குற குழாய்க்குள்ள ஒரு கை சிவப்பரிசி போட்டேன். அடியில போய்ச் சேரப் பத்து நிமிஷம். மேல வர, நீங்க சொன்ன ஒரு மணி நேரம்."

"அதான் சமையக்காரர் காலையிலேயே புலம்பினாரா!" என்றார் நைனா.

வீரபாகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அப்ப ஏழு பத்துக்கே வந்திருக்கணுமே? வந்து போயிருக்கும். நான் கவனிக்கலை."

"ஏழு மணியிலிருந்து நான் இங்கதான் நிக்கிறேன்."

"வரலையா?"

"பாருங்க."

ஏழரை ஆனது. களி. ஏழு நாற்பது. களிதான். வீரபாகு பக்கெட்டின் விளிம்பில் உட்கார்ந்து, கண் கொட்டாமல் சல்லடையையே பார்த்தார்.

ஏழு ஐம்பதுக்குச் சாம்பல் களிக்கு நடுவே ஒரு சிவப்பு மணி குதித்தது. பின்னாலேயே பத்து, இருபது.

"மேடம்! அரிசி!"

"மணி என்ன சார்?"

"ஏழு அம்பது. அப்ப ஒரு மணி நேரம் இல்லை, நூறு நிமிஷம்! கிணத்துச் சுவர் உள்ள இடிஞ்சு அகண்டுபோயிருக்கு. அதான் சேறு மெதுவா ஏறுது!"

"ஆறேகாலுக்கு வெட்டினது?"

வீரபாகு விரல் மடக்கினார். "இன்னும் அஞ்சு நிமிஷத்துல..."

ஏழு ஐம்பத்தைந்து. சல்லடையின் சத்தம் மாறியது. கரகரவென்று பழுப்பு மணல் விழுந்தது. பஸ் டெப்போவில் வருகிற எண்ணெய் வாசம் குப்பென்று அடித்தது. வீரபாகு ஒரு கை அள்ளிக் கழுவி, எண்ணெய் இருந்தால் மின்னிக் காட்டும் ஊதா விளக்குப் பெட்டிக்குள் வைத்தார். மணல் முழுக்கத் தங்கமாய் ஒளிர்ந்தது.

நைனா படியில் இரண்டிரண்டாய்த் தாவி இறங்கி வந்து பெட்டிக்குள் தலையை விட்டார். "யா அல்லா! சார், இது நகைக்கடை!"

எட்டு மணிக்குப் போன் அடித்தது.

"இருக்கு!" என்று கத்தினார் வீரபாகு. அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். "இருக்குங்க! கையில வச்சிருக்கேன்!"

போனை வைத்துவிட்டுச் சிரித்தார். ரிக் ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். யாரோ அவர் தலையில் சேற்றைப் பூசினார்கள்.

கொஞ்ச நேரத்தில் அவர் சிரிப்பு மட்டும் நின்றது.

"மேடம், ஆபீஸ்ல உட்கார்ந்து மூணு கிணத்துக்கு 'இல்லை'ன்னு கையெழுத்துப் போட்டேன். மூணும் கம்ப்யூட்டர் நேரத்தை நம்பி."

ஜெபக்கனி கையைத் துடைத்துக்கொண்டு ஜீப் சாவியை எடுத்தார்.

"எந்த ஊர் முதல்ல, சார்?"