விருத்தாசலம் வைத்த பல்

குறை என்று ஒன்றைக் கண்டால் அதை நிறைவு செய்யாமல் விருத்தாசலத்துக்கு உறக்கம் வராது. தென்காசியில் முப்பதாண்டுகளாக மோட்டார் சைக்கிள் பழுதுபார்த்து வந்த கை அவருடையது. தம் மகள் வயதுடைய எழிலரசியிடம், புதுவகை வண்டிகளின் நுட்பம் கற்க அண்மையில்தான் மாணாக்கராய்ச் சேர்ந்திருந்தார்.

ஒரு நாள் காலை, ஓடாத வண்டி ஒன்றைக் குட்டியானை வேனில் ஏற்றிக்கொண்டு அவர் எழிலரசியின் பயிற்சிக்கூடத்துக்கு வந்து இறங்கினார்.

"டீச்சரம்மா, இது மலைக்கிராமங்களுக்குப் போற நர்ஸம்மா வண்டி. ஆயில் கசியுதுன்னு கொண்டாந்தாங்க. கசிவை நிறுத்திட்டேன். வண்டியும் நின்னுபோச்சு."

"ஒண்ணை நிறுத்தச் சொன்னா ரெண்டையும் நிறுத்திட்டீங்களா அண்ணாச்சி?"

அவர் சிரிக்கவில்லை.

"நல்லா ஓடுன வண்டியைக் கொன்னுட்டீரேன்னு நடுத்தெருவுல வச்சுக் கேட்டுட்டாங்க. இன்னைக்கு இது கிளம்பலைன்னா கடையைச் சாத்திருவேன். விளையாட்டுக்குச் சொல்லலை."

பிளக்கை மாற்றியாயிற்று. பெட்ரோல் தடையின்றி வருகிறது. சென்சாரும் புதியது.

"அந்த சென்சார்தானே நேரம் பார்த்து நெருப்புப் போடச் சொல்லுது? அது என்னத்தைப் பார்க்குது? அதுக்குக் கண்ணா இருக்கு?"

எழிலரசி இன்ஜினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். உள்ளே இன்ஜினோடு சுழலும் சக்கரம்; அதன் விளிம்பைச் சுற்றி வரிசையாகப் பற்கள். இதழெல்லாம் பொருந்திய தாமரைபோல் அது குறையின்றி இருந்தது.

"பல்லு எல்லாம் முழுசா இருக்கே?"

விருத்தாசலத்தின் முகம் அன்று முதன்முறையாக மலர்ந்தது.

"நான்தான் முழுசாக்கினேன். கசிவுக்காகத் திறந்தப்ப ஒரு பல் உதிர்ந்து இடம் காலியா இருந்துச்சு. வெல்டிங் வச்சு, அரம் போட்டு இழைச்சேன். எது நான் வச்ச பல்லு, சொல்லுங்க பார்ப்போம்!"

"கண்ணை மூடுங்க அண்ணாச்சி. சென்சார் நிக்கிற இடத்துல நகத்தை வைங்க. நான் சக்கரத்தைச் சுத்துறேன். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது சொல்லணும்."

பல் ஒவ்வொன்றாய் நகத்தை உரசிச் சென்றது. முதற்பல் போலவே அடுத்தது. அடுத்தது போலவே அதற்கடுத்தது. சக்கரம் பலமுறை சுற்றி வந்தது.

"ஒண்ணும் பிடிபடலையே."

"பல்லை எண்ணிப் பாருங்க."

"எங்கேயிருந்து எண்ண?"

எழிலரசி எழுந்து, அலமாரியிலிருந்து அதே வகைச் சக்கரம் ஒன்றைக் கொணர்ந்து அவர் நகத்தின்கீழ் சுழற்றினார். பற்கள் உரசின. திடீரென்று உரசல் இல்லை. நகம் வெற்றிடத்தில் நின்றது. பிறகு மீண்டும் பற்கள்.

"இந்தா! இங்கே ஒண்ணு இல்லை!"

அடுத்த சுற்றில் அவர் உதடுகள் தாமாகவே எண்ணத் தொடங்கின. கண்ணைத் திறந்தார்.

"இதுலயும் பல் உதிர்ந்திருக்கா?"

"புதுசு அண்ணாச்சி. இப்பத்தான் பெட்டியைப் பிரிச்சேன்."

விருத்தாசலம் புதுச் சக்கரத்தைத் தம் சக்கரத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அப்ப இந்தப் புதுசையே மாட்டிருவோமே?"

"உங்க சக்கரத்துக்கு ஒரு கேடும் இல்லை." எழிலரசி அரத்தை எடுத்து நீட்டினார்.

தாம் வைத்த பல் எதுவென்று அவர் ஒருவருக்கே தெரியும். வாழ்நாளில் அவ்வளவு நேர்த்தியாக அவர் எதையும் செய்ததில்லை. அதை அராவி எடுக்கக் காலையெல்லாம் ஆயிற்று. மூடியைப் பொருத்தி ஸ்டார்ட்டரை அழுத்தினார். முதல் அழுத்திலேயே இன்ஜின் எழுந்து சீராக ஓடியது.

கடையைச் சாத்துகிற பேச்சை அவர் மீண்டும் எடுக்கவில்லை. ஓடுகிற இன்ஜின்மேல் கையை வைத்தபடி நின்றார்.

"டீச்சரம்மா, நான் அராவின இடம் எதிரே வரும்போது அந்த சென்சார் என்னத்தைப் பார்க்குது?"

"ஒண்ணையும் பார்க்கறதில்லை அண்ணாச்சி. அப்பத்தான் எங்கே இருக்கோம்னு இன்ஜினுக்குத் தெரியுது."