கலைத்த சீட்டை வெட்டியது யார்?

"மாதப்பா, இந்தச் சீட்டு என் கையில நிக்கவே மாட்டேங்குது."

முறையிட்டவர் தீர்த்தகிரி. வயசு அறுபத்து மூணு. தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு ரூமில் முப்பது வருசம் கட்டுகளை வரிசை பிசகாமல் அடுக்கிய மனுசர். குருவாக வாய்த்த மாதப்பனுக்கோ முப்பத்தஞ்சுகூட ஆகவில்லை. மனமகிழ் மன்றத்தில் மேசை துடைத்து டீ கொண்டுவந்து வைப்பவன். ஆனால் சீட்டு அவன் கைக்குப் போனால் சொன்ன பேச்சைக் கேட்கும்.

விசயம் இதுதான். சம்சாரம் போன பிறகு பேச ஆளில்லாமல் மன்றத்துக்கு வந்து உட்கார்ந்தார் தீர்த்தகிரி. சீட்டைக் கலைத்துப் போட அவர் முறை வந்த அன்று, ஐம்பத்திரண்டும் மேசையெல்லாம் பறந்தது. கூட ஆடிய ஜோதிலிங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தீர்த்தகிரி எழுந்து போனவர்தான், இரண்டு மாசம் ஆச்சு. ஐயோ பாவம், அந்த வீட்டில் ரேடியோவைத் தவிர ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

இன்றைக்கு ஆள் சேராத மத்தியானமாய்ப் பார்த்து வந்திருக்கிறார்.

மாதப்பன் ஒரு புதுக்கட்டைப் பிரித்துக் கொடுத்தான். "கலைங்க சார், பாக்கலாம்."

ஒரு கொத்தை எடுத்தார். எடுத்த இடத்திலேயே பத்திரமாக வைத்தார். இப்படியே பத்துத் தடவை. ஒன்றுகூட விழவில்லை.

மாதப்பன் கட்டை வாங்கி மேசையில் விரித்தான். ஏஸ் முதல் ராஜா வரை வரிசை அப்படியே இருந்தது.

"நீங்க கலைக்கல சார். அடுக்கியிருக்கீங்க."

"விழுந்துடுமோன்னு..."

"விழட்டும்."

இடது உள்ளங்கையில் கட்டைக் கிடத்தினான். வலது கையால் அடியிலிருந்து ஒரு கொத்தை உருவி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே உதிர்த்தான். அவ்வளவுதான் பாடம்.

பத்து நாள் வீட்டில் பழகினார். கட்டிலில் உட்கார்ந்து கலைத்தார், விழுந்ததைப் பொறுக்கினார், மறுபடி கலைத்தார். விழுந்தால் சிரிக்க ஆளில்லை. சரியாக வந்த அன்றைக்குப் பார்க்கவும் ஆளில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

பதினோராம் நாள் சாயங்காலம், மன்றத்து வாசலிலேயே மாதப்பனை நிறுத்திக் கலைத்துக் காட்டினார். சரசரவென்று உதிர்ந்தது.

"எப்படி?"

"பாதி வந்திருக்கு."

"இன்னும் என்னய்யா பாதி?"

"வெட்டுனது யாரு?"

கலைத்தவர் கட்டை நீட்ட வேண்டும். பக்கத்து ஆள் அதை இரண்டாகப் பிரித்து வைக்க வேண்டும். அதுதான் வெட்டு. கலைத்தவரே வெட்டினால் எந்த மேசையிலும் ஆட்டம் செல்லாது.

"வீட்டுல நானேதான் வெட்டிக்கிட்டேன்." கட்டை அவன் பக்கம் நீட்டினார். "சரி, இப்ப நீ வெட்டு."

மாதப்பன் திண்ணையில் வைத்திருந்த டீத்தட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டான்.

"கை வேலையா இருக்கு சார்," என்று உள்ளே நடந்தான்.

வேறென்ன செய்வது? தீர்த்தகிரி பின்னாலேயே போனார்.

மேசையில் ஜோதிலிங்கமும் இன்னும் இரண்டு பேரும். தீர்த்தகிரி நின்றபடியே கலைத்தார். நாலு சீட்டு நழுவித் தரையில் விழுந்தது. போச்சு, மானம் போச்சு என்று நினைத்துக்கொண்டே மிச்சக் கட்டை நீட்டினார்.

ஜோதிலிங்கம் குனிந்து நாலையும் பொறுக்கினார். கட்டுக்குள் செருகினார். வெட்டி வைத்தார்.

"எங்க சார் போயிட்டீங்க?" என்றார். "ரெண்டு மாசமா ஒரு கை குறையுது."