ரெண்டாம் பாகத்துக்கு அலறினவன்

நொச்சிப்பட்டணத்துல ஒரு ராஜா இருந்தாரு. அதிவீர பூபதின்னு பேரு. கோட்டை, யானை, வாளு, ஈட்டி எல்லாம் இருந்த காலம். ராஜாகிட்ட ஒரு வீடியோ கேமராவும் இருந்துச்சு. அது எப்படி அந்தக் காலத்துலன்னு கேக்காதீங்க. கேட்டா கதை நின்னுரும்.

ராஜாவுக்குப் பேய்ப்படம்னா உசுரு. ஊர் ஊரா சுத்தற நாலு பசங்க ‘கண்டெடுத்த கேசட்டு’ன்னு ஒரு படம் எடுத்துக் குடுத்திருந்தாங்க. ஒரே படத்துல அஞ்சு குட்டிப் பேய்க்கதை. எல்லாத்துலயும் ஒரே விதிதான். கேமராவைத் தூக்கிட்டுப் போனவன் திரும்ப மாட்டான், கேசட்டு மட்டும் கிடைக்கும். அதைப் பார்த்துட்டு ஊரே கொல்லைப்பக்கம் போகத் துணைக்கு ஆள் தேடுச்சு. ராஜா பட்டப்பகல்லயே ராணி முந்தானையைப் புடிச்சுக்கிட்டுத் திரிஞ்சாரு.

சரி, ரெண்டாம் பாகம் வேணுமே? ராணியோட தம்பி இடும்பராசு குதிச்சான். “அந்தப் பொடிப்பசங்க எதுக்கு மாமா? நான் எடுக்கறேன்.”

எடுத்தான். கேமரா ஆடின ஆட்டத்துல முன்வரிசை வாந்தி எடுத்துச்சு. அஞ்சு கதையிலயும் அதே கதவு கிரீச்சுன்னு திறக்கும், அதே பூனை வரும். பேய்க்கு ஒரு டூயட்டு வேற. துரத்தற பேய் மூச்சு வாங்கி நிக்கும், ஓடறவன் அது வரட்டும்னு காத்துக்கிட்டு இருப்பான்.

படம் முடிஞ்சு விளக்கு போட்டா மொத்தக் கொட்டகையும் மல்லாந்து கிடக்கு. ராஜாவும்தான்.

“பார்த்தீங்களா மாமா! பயத்துல எல்லாரும் மயங்கிட்டாங்க. நீங்களே மயங்கிட்டீங்க!”

“நானே மயங்கிட்டேனா?” ராஜாவுக்கு ஒரே பெருமை. “அப்ப படம் பிரமாதம்தான்!”

ஓரமா ஒருத்தன் களுக்குன்னு சிரிச்சான். கொழுந்தப்பன். சபையில அவனுக்கு வேலை ராஜாவைச் சிரிக்க வைக்கறது. வாய் மட்டும் சும்மா இருக்காது.

“குறட்டை விட்டுக்கிட்டே மயங்கறதை இப்பதான் மகாராஜா பார்க்கறேன்.”

ராஜா மூஞ்சி சிவந்துருச்சு. இடும்பராசுவுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. “மாமா, மூணாம் பாகத்துக்கு இவரையே கேமராவோட அனுப்புவோம். நிஜப் பேய், நிஜ பயம். வேஷம் கூடாது, நடிப்பு கூடாது. விதி தெரியும்ல? கேசட்டு வரும். ஆளு வர மாட்டாரு.”

“வந்தா?”ன்னான் கொழுந்தப்பன்.

“வாசல்லயே தலை போயிரும்.”

ராஜா கோவத்துல தலையாட்டிட்டாரு. “நாட்லயே ரொம்ப பயங்கரமான இடம் எதுவோ, அங்க போய் எடு!”

போனா பேய் அடிக்கும், வந்தா வாளு வெட்டும். கொழுந்தப்பன் கேமராவைக் கையில வாங்கிக்கிட்டான். போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டான். “கேசட்டைப் பார்த்து மகாராஜாவே அலறிட்டா?”

“நானா? அலறினா உன் தலை தப்புச்சு. கேட்டதையும் தர்றேன். போ!”

மறுநாள் மத்தியானம் இடும்பராசு பெருமைக்காக அரண்மனை மண்டபத்து ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத்துணி போட்டு, சபை மொத்தத்தையும் கூட்டி, ரெண்டாம் பாகத்தை இன்னொரு தரம் ஓட்டுனாங்க. இன்னொரு தரம் மொத்தப் பேரும் ‘மயங்கினாங்க’.

அடுத்த நாள் காலையில அரண்மனை வாசல்ல ஒரு கேசட்டு. மேல ஒரு எலுமிச்சம்பழம், கொஞ்சம் குங்குமம்.

“போய்ச் சேந்துட்டான்!” இடும்பராசு துள்ளினான். “போடுங்க மாமா, பார்ப்போம்!”

போட்டாங்க. ஒரே கும்மிருட்டு. அதுல பச்சையா ஒரு வெளிச்சம். நீளமா ஒரு மண்டபம். வரிசை வரிசையா ஆளுங்க. ஒருத்தன் தலை பக்கத்து ஆள் மடியில தொங்குது. ஒருத்தன் கழுத்து பின்னால ஒடிஞ்ச மாதிரி கிடக்கு. எல்லா வாயும் திறந்திருக்கு. ஒரு அசைவு இல்ல.

“அய்யய்யோ, இத்தன பொணமா?” ராஜா ராணி பக்கம் நகர்ந்தாரு.

எங்கிருந்தோ ஒரு உறுமல். கொர்ர்ர்ர்... கேமரா மெதுவா அந்தச் சத்தத்தைத் தேடிப் போகுது. பூதம் மாதிரி ஒரு உருவம் சாஞ்சு கிடக்கு. கருப்பா ஒரு பெரிய குகை, திறந்து திறந்து மூடுது. குகைக்குள்ள ஒரு ஈ போகுது. வெளிய வருது. மறுபடி போகுது.

“ஆஆஆ!” ராஜா போட்ட அலறல்ல லாயத்துல குதிரை கயித்தை அறுத்துக்கிச்சு. “நிறுத்துங்கடா! அது என்னடா பிசாசு?”

கேமரா கொஞ்சம் பின்னால வந்துச்சு. குகைக்கு மேல மீசை. மீசைக்கு மேல மூக்கு. அதுக்கும் மேல, கோணலா ஒரு கிரீடம்.

மொத்த மண்டபமும் திரும்பி ராஜாவைப் பார்த்துச்சு.

திரைக்குப் பின்னாலருந்து கொழுந்தப்பன் வெளிய வந்தான். “அலறிட்டீங்க மகாராஜா. நான் வரலாம்ல? வேஷம் இல்ல, நடிப்பு இல்ல. நாட்லயே பயங்கரமான இடம், நேத்து ரெண்டாம் பாகம் ஓடின இந்த மண்டபம்தான். உள்ள போன ஒருத்தரும் முழிப்போட திரும்பல.”

“பொய்!” இடும்பராசு கத்தினான். “மாமா, அது மயக்கம்! என் படத்தோட பயம்!”

“அவசரப்படாதீங்க தம்பி, இன்னும் கொஞ்சம் ஓடும்.”

கேமரா பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்துச்சு. அங்க இடும்பராசு. கட்டைவிரல் வாயில. நல்ல தூக்கம்.

“எடுத்தவரே எடுத்ததைப் பார்த்து மயங்கிட்டாரா?”ன்னான் கொழுந்தப்பன்.

ராணி பெருமூச்சு விட்டாங்க. “ரெண்டு தரமும் நான் ஒருத்திதாங்க முழிச்சிருந்தேன். உங்க குறட்டையில தூங்க முடிஞ்சாத்தானே! தம்பியாச்சேன்னு வாய மூடிக்கிட்டேன்.”

ராஜா ராணியைப் பார்த்தாரு, மச்சானைப் பார்த்தாரு, திரையில ஈயைப் பார்த்தாரு. பொத்துக்கிட்டு வந்துச்சு சிரிப்பு. தொந்தி குலுங்கக் குலுங்கச் சிரிச்சாரு. “கேளுடா கொழுந்தப்பா, என்ன வேணும்?”

“மூணாம் பாகத்தை அந்த நாலு பசங்ககிட்ட குடுத்துருங்க மகாராஜா. ரெண்டாம் பாகத்தை, எடுத்தவர்கிட்டயே குடுத்துருங்க.”

“குடுத்து?”

“பார்க்கச் சொல்லுங்க. தினமும். முழுசா. கண்ணசந்தா மறுபடி முதல்லருந்து.”

“மாமா!” இடும்பராசு ராஜா காலைக் கட்டிக்கிட்டு, கோபுரத்துப் புறா மொத்தமும் பறக்கற மாதிரி அலறினான். “வேணாம் மாமா! என்னைச் சுடுகாட்டுக்கே அனுப்பிருங்க மாமா!”

ரெண்டாம் பாகத்துக்குப் பயந்து அலறின ஒரே ஆளு, கடைசி வரைக்கும் அவன்தான்.