காகிதக் கதவில் ஒட்டிய பூ

ஜப்பானில் ஒரு கடலோர ஊர். அங்கே எழுத்தாளர் குசகபே வாழ்ந்த மூன்று அறை மரவீட்டை அவர் காலத்துக்குப் பின் அருங்காட்சியகம் ஆக்கினார்கள். அவரிடம் இருபது ஆண்டு வீட்டு வேலை பார்த்த மிசாவோதான் இன்றும் அதைக் கவனித்துக்கொள்கிறாள். அந்த வீட்டை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை.

எழுதும் அறையின் கதவு, மரச்சட்டத்தில் வெள்ளைக் காகிதம் ஒட்டியது. ஆண்டுக் கடைசியில் பழையதைக் கிழித்துவிட்டுப் புதுக் காகிதம் ஒட்டுவது ஊர் வழக்கம். அதற்குள் எங்காவது ஓட்டை விழுந்தால், தாளைப் பூவாக வெட்டி அதன்மேல் ஒட்டுவார்கள். ஒருநாள் குசகபே, தான் எழுதிக்கொண்டிருந்த கதையிலிருந்தே ஒரு தாளை உருவி வெட்டினார். மிசாவோ பதறிப்போனாள்.

“ஐயா, அது கதை!”

“கதையை நாளைக்கும் எழுதலாம். காற்று இப்போதே அடிக்கிறதே!”

அந்த மாதமே அவர் படுத்த படுக்கையானார். “வருஷம் தவறாமல் கதவுக்குக் காகிதம் மாற்றிவிடு” என்றார். மிசாவோ வாக்குக் கொடுத்தாள்.

அவர் இறந்த பிறகு அருங்காட்சியகக் காப்பாளராக வந்தார் ஒகினோ. நல்ல மனிதர்தான், ஆனால் தூசியைக்கூடத் தன்னைக் கேட்டுத்தான் துடைக்க வேண்டும் என்பவர். எழுத்தாளரின் கையெழுத்தோடு ஒரு பூ கதவில் இருக்கும்போது சும்மா விடுவாரா? எதையும் மாற்றமாட்டேன் என்று மிசாவோவிடம் எழுதி வாங்கிக்கொண்டார். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அவளும் கையெழுத்துப் போட்டாள்.

ஆறு ஆண்டுகளில் காகிதம் பழுப்பேறிக் கிழிந்தது. குளிர்காற்று தாராளமாக வந்து போயிற்று. ஒகினோவே குளிர்காலத்தில் அந்த அறைக்குள் கோட்டைக் கழற்றியதில்லை. கொடுத்த வாக்கு மிசாவோவை உறுத்திக்கொண்டே இருந்தது. ஏழாம் ஆண்டின் கடைசி நாளில் அவளுக்குப் பொறுக்கவில்லை. பூவை நனைத்துப் பக்குவமாக எடுத்து வைத்துவிட்டு, கதவு முழுவதற்கும் புதுக் காகிதம் ஒட்டினாள்.

புத்தாண்டு விடுமுறை முடிந்து வந்த ஒகினோவுக்கு முகம் சிவந்தது.

“கையெழுத்துப் போட்டீர்களே, மறந்துவிட்டதா?”

“அதற்கு முன்னாலேயே ஐயாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேனே.”

ஒகினோ கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு எழுதும் அறையின் பாயில் உட்கார்ந்தார். அவளை வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தை எழுதத் தொடங்கினார்.

ஒரு வாக்கைக் காக்க இன்னொன்றை உடைத்தவள் மிசாவோ. அந்தப் பழங்காகிதத்தைக் காப்பதற்கே சம்பளம் வாங்குபவர் ஒகினோ. சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி?

விடை: மிசாவோ செய்ததுதான். காப்பாற்ற முடியாத உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டது அவள் தவறு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அது கதையை வெட்டிக் காற்றை மறித்தவரின் வீடு. காற்றை உள்ளே விட்டுக் கதையைக் காத்தால் அது அவர் வீடாகுமா? சந்தேகமிருந்தால் ஒகினோவைக் கேளுங்கள். பாதிக் கடிதத்தில்தான் தன் கோட்டு மடியில் கிடப்பதைக் கவனித்தார். நிமிர்ந்து புதுக் கதவைப் பார்த்தார். பிறகு கடிதத்தை நான்காக மடித்தார்.

“கத்தரிக்கோல் இருக்கிறதா?” என்றார். “அடுத்த ஓட்டைக்குப் பூ வேண்டுமே.”